குதிகால் உயர்ந்தால் யாருக்குக் குறைகிறது?

ஹை ஹீல்ஸ் போட்டு நடக்கும் ஓர் ஆணின் காணொளி கைப்பேசியில் வந்து விழுந்தால், நம் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் இரண்டு விதமான பதில்கள் வரும். முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: "இவனெல்லாம் ஒரு ஆம்பளையா?" இரண்டாவது நம் தோழர்களிடமிருந்தே வருவது: "பட்டாசு ஆலையில சனங்க கருகிச் சாகுது. ஆம்பள ஹீல்ஸ் போடுறதுதான் இப்ப பிரச்சினையா?"

முதல் கேள்வி வெறும் வசவு. இரண்டாவது கேள்வியை அப்படித் தள்ளிவிட முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரே நாளில் ஏறத்தாழ 40 உயிர்களைப் பறிகொடுத்த மண் இது. கூலியும் உயிரும் முதல் பிரச்சினை என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், காலில் என்ன போடுவது, தோளில் என்ன போடுவது என்பதெல்லாம் அற்ப விஷயம் என்று சொல்ல இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் உரிமை இல்லை. நம் பாட்டன் பாட்டிகள் அதற்காக அடி வாங்கியிருக்கிறார்கள். வீடு எரிந்து நின்றிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், ஹீல்ஸ் போட்ட ஆணைப் பார்த்து வரும் சிரிப்பு எங்கே பிறந்தது என்பதும் தெரிந்துவிடும்.

எட்டுத் தடைகள்

இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. அந்த ராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜே.எச். ஹட்டன் தன் நூலில் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார்.

ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. பூச்சூடக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. தங்கம், வெள்ளி நகை கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது.

தடைகளை மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடு மாடுகள் பறிபோயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாக நீண்டன. இந்த முறை உடையோடு நிற்கவில்லை. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார்களின் மாடுகளை மேய்க்க வேண்டும், சொந்த நிலத்தை அவர்களுக்கே மலிவாக விற்க வேண்டும் என்று போனது. உடையில் தொடங்கியது நிலத்திலும் கூலியிலும் போய் முடிந்தது. "கூலிப் பிரச்சினை வேறு, உடைப் பிரச்சினை வேறு" என்பவர்கள் இந்த இரண்டு பட்டியலையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும்.

முதல் பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். அதில் ஆணுக்குத் தனி விதி, பெண்ணுக்குத் தனி விதி. ஒடுக்கப்பட்ட ஆண் 'ஆம்பளை' மாதிரித் தெரியக் கூடாது, ஒடுக்கப்பட்ட பெண் 'குடும்பப் பெண்' மாதிரித் தெரியக் கூடாது. அப்படித் தெரிவது மேலே இருப்பவர்களுக்கு ஒதுக்கப்பட்ட உரிமை. ஆக, ஆண் உடை, பெண் உடை என்று இன்று நாம் இயற்கையாகக் கருதுகிற பிரிவினையும் இந்த ஊரில் சாதி அளந்து கொடுத்ததுதான்.

அதே 1931இல், அதே மாவட்டத்தில், விருதுநகரில் மூன்றாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்கள் முடியை வெட்டிக்கொள்ள வேண்டும், ஆண் பெண் குழந்தைகளை வேறுபாடு தெரியாத உடையில் வளர்க்க வேண்டும் என்றெல்லாம் பெரியார் தொடர்ந்து பேசிவந்தார். ஒரு பக்கம் கிராப் வெட்டிக்கொண்டால் குடிசைக்குத் தீ வைக்கும் ஊர். இன்னொரு பக்கம் பெண்ணும் கிராப் வெட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லும் இயக்கம். உடை என்பது அதிகாரத்தின் சீருடை என்பதை இரண்டு தரப்புமே சரியாகப் புரிந்துவைத்திருந்தன.

உடுத்தலாம், ஆனால் எங்களைப் போல அல்ல

இதற்கு முந்தைய கதை திருவிதாங்கூரில் இருக்கிறது. அங்கே நாடார்கள் செருப்புப் போடவும் குடை பிடிக்கவும் தங்கம் அணியவும் தடை இருந்தது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கவும் கூடாது. பல பத்தாண்டுகள் நீடித்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலையில் மன்னரின் அறிவிப்பு வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்றது அது. உடலை மறைப்பதில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. வேறுபாடு அழிவதில்தான் சிக்கல். 'எங்களைப் போல' ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மலையைத் தாண்டி இந்தப் பக்கம், 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டது. நாடார்கள் கோயில் நுழைவு கேட்டதில் மூண்ட பகை அது. கொள்ளையும் தீயும் கண்ட அந்த ஊர் கல்வியாலும் வணிகத்தாலும், பிறகு தீப்பெட்டியாலும் பட்டாசாலும் அச்சகத்தாலும் எழுந்து நின்ற கதை தமிழகத்தின் பெரிய சமூகக் கதைகளில் ஒன்று. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எழுந்தவர்கள் எல்லோரும் ஏணியை உடைத்தார்களா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சத்திரியர் என்று உரிமை கோரிப் பூணூல் போட்டுக்கொண்ட முயற்சிகளும் இதே வரலாற்றில் உண்டு. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இப்படித்தான் இயங்குகிறது. ஒரு படி ஏறியவருக்குத் தன் காலுக்குக் கீழே ஒரு படி தேவைப்படுகிறது. இது ஒரு சாதியின் குணம் அல்ல, ஏணியின் குணம். அந்த ஏணியில் எல்லாச் சாதி ஆண்களுக்கும் கைக்கெட்டும் தூரத்தில், சொந்த வீட்டுக்குள்ளேயே, ஒரு கீழ்ப்படி தயாராக இருக்கிறது. பெண் என்பது அந்தப் படியின் பெயர்.

ஹீல்ஸ் போட்ட ஆணைப் பார்த்து வரும் ஆத்திரத்தின் காரணமும் அதுதான். அவன் இறங்கிவிட்டான் என்று நினைக்கிறார்கள். மேலே பிறந்தவன் தானாகக் கீழே வந்தால், மேல் கீழ் என்பதே பொய்யோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. சாதி மாறிக் காதலிக்கும் பெண்ணின் மேல் வரும் ஆத்திரத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

பிரிட்டிஷ் அரசுக்கும் இந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கின்றன. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் முதல் பகுதியில் சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்றது. இரண்டாம் பகுதியில், 'யூனக்' என்று அரசு முத்திரை குத்தியவர்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவேட்டில் இருப்பவர் பொதுத் தெருவில் பெண் உடையோ நகையோ அணிந்து தெரிந்தால் பிடியாணை இல்லாமல் கைது, 2 ஆண்டு வரை சிறை. அன்று அது வட இந்திய மாகாணங்களுக்கான சட்டம். பிறகு 1911இல் புதிய வடிவம் எடுத்துச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது இந்தச் சட்டத்தின் பேரில்தான். பிறப்பை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கியதும், சேலையை வைத்து இன்னொருவரைக் குற்றவாளி ஆக்கியதும் ஒரே சட்டப் புத்தகம்.

குதிகாலின் ஊர்

சரி, குதிகால் உயர்ந்த செருப்பு பெண்ணுடையது என்று யார் சொன்னது? பாரசீகத்தின் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் இருக்கப் போட்டுக்கொண்டது அது. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி சிவப்புக் குதிகால் வைத்த காலணியோடு நிற்கும் 1701ஆம் ஆண்டு ஓவியம் புகழ்பெற்றது. அவருடைய அவையில் சிவப்புக் குதிகால் என்பது அரச தயவுக்கு உரியவரின் அடையாளம். வயலில் வேலை செய்பவன் அதைப் போட முடியாது. நான் உழைக்க வேண்டியதில்லை என்று அறிவிக்கும் செருப்பு அது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்கள் அதைக் கழற்றிய பிறகுதான் அது பெண்ணுடையது ஆனது, பிறகு கேலிக்கும் உரியதானது.

நம் ஊரிலும் தரையைவிட்டு உயர்த்தி நிற்கவைக்கும் பாதக்குறடு மடாதிபதிகளின் மரியாதைச் சின்னம். அதே ஊர்களில், தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்த அருந்ததியர்கள் அதைக் காலில் போட்டுத் தெருவில் நடக்க முடியாது. தைத்துக் கொடுக்கும் வரைக்கும் செருப்பு அவர்களுடையது, அதற்கு மேல் இல்லை. இது பழங்கதையும் அல்ல. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள ராஜாவூரில், ஆதிக்கச் சாதியினர் வாழும் தெருவில் தலித் மக்கள் சுமார் 60 பேர் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பர் இறுதியில்.

கடுக்கன், குடுமி, நீண்ட தலைமுடி எல்லாம் நூறாண்டுக்கு முன்பு தமிழ் ஆணின் சாதாரணத் தோற்றம். இன்று அதே கடுக்கனோடு வரும் மாணவனைக் கல்லூரி வாசலில் நிறுத்தி "பொம்பள மாதிரி என்னடா இது?" என்கிறார்கள். எது ஆண் உடை, எது பெண் உடை என்பது ஒவ்வொரு காலத்திலும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. எது மேல், எது கீழ் என்ற பிரிவினை மட்டும் மாறாமல் நிற்கிறது.

மேடை, கோயில், நகைச்சுவை

தமிழ்ச் சமூகம் பெண் உடை அணிந்த ஆணைப் பார்த்ததே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்டவர்கள் பையன்கள். அவ்வையார் வேடம் கட்டியே டி.கே. சண்முகம் 'அவ்வை' சண்முகம் ஆனார். ஆண் பெண் வேடம் போடும் படத்துக்கு 1996இல் கமல்ஹாசன் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு நம் தென்மாவட்டங்களிலிருந்து வேடம் கட்டிப் போகிறவர்களில் சேலை கட்டிய, குறத்தி வேடம் போட்ட ஆண்கள் எத்தனை பேர்! கேரளத்தின் கொற்றங்குளங்கரையில் ஆண்கள் பெண்களாக அலங்கரித்துக்கொண்டு விளக்கேந்துகிறார்கள். குடும்பமே கூட நின்று பொட்டு வைத்து அனுப்புகிறது.

அப்படியானால் தடை எங்கே வருகிறது? மேடையில் அது வேடம், கோயிலில் நேர்த்திக்கடன், சினிமாவில் நகைச்சுவை. மூன்றிலும் அந்த ஆணுக்குத் திரும்பிப்போக வழி இருக்கிறது. மூன்றிலும் அவன் சொந்த விருப்பத்துக்காக உடுத்தியதாகச் சொல்ல வேண்டியதில்லை. "எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் போடுகிறேன்" என்று ஒருவன் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் பேருந்து நிலையத்துக்கு வந்து நின்றால்தான் கல் பறக்கிறது. சாமிக்காகச் சேலை கட்டினால் பக்தி, தனக்காகக் கட்டினால் அவமானம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். திருநங்கையர் பெண் உடை அணிந்த ஆண்கள் அல்ல, அவர்கள் பெண்கள். ஆனால் தெருவில் அடிக்கிறவன் அடையாள அட்டை பார்த்து அடிப்பதில்லை. நகரத்தில் ஒரு நடிகர் பாவாடை அணிந்து விருது விழாவுக்குப் போனால் அது ஃபேஷன் செய்தியாகிவிடும். அதே துணிச்சலுக்கு ஊரில் விலை கொடுப்பவர்கள் திருநங்கையரும், பள்ளியில் "ஒன்பது" என்று கூப்பிடப்படும் பையன்களும்தான். சமூகம் மாறிவிட்டது என்று எழுதுகிறவர்கள், யாருக்கு மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சட்டை போட்ட அக்காக்கள்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் காலையில் ஆலை வேன்களுக்குக் காத்திருக்கும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேலே ஆணின் முழுக்கைச் சட்டை. அண்ணனுடையதாக இருக்கும், கணவருடையதாக இருக்கும். அலுமினியப் பொடியும் மருந்தும் மேலே படியாமல் இருக்க வேண்டும், சேலை விலகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். நூறு நாள் வேலையிலும் கட்டட வேலையிலும் இதே சட்டைதான். யாரும் இவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

காரணம் இருக்கிறது. பெண் ஆணின் சட்டையைப் போட்டால் அது ஒரு படி மேலே போவது, அதுவும் உழைப்புக்காக. ஆகவே பொறுத்துக்கொள்ளலாம். ஆண் பெண்ணின் துணியைத் தொட்டால் படி இறங்குவது, அதைப் பொறுக்க முடியாது. கேரளத்தில் பாலினச் சமத்துவச் சீருடை வந்தபோதும் இதுதான் நடந்தது. வளையன்சிறங்கரை தொடக்கப் பள்ளியில் எல்லோருக்கும் முக்கால் கால்சட்டை. 2021 டிசம்பரில் பாலுச்சேரி பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மாணவிகளுக்குப் பேண்ட், சட்டை. இவை நல்ல மாற்றங்கள், அதில் ஐயமில்லை. ஆனால் சமத்துவம் என்றாலே பெண் ஆணின் உடைக்கு வருவது என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். எதிர்த் திசையில் ஒருவர்கூட வருவதில்லை. ஒரு வழிப் பாதையில் போக்குவரத்து எவ்வளவு இருந்தாலும் மேடு பள்ளம் அப்படியேதான் இருக்கும்.

பட்டாசு ஆலையில் நியாயமான உடைவிதி ஒன்று உண்டு. பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், நிலைமின்சாரம் உண்டாக்கும் செயற்கை இழை கூடாது. இரும்பு ஆணி அடித்த செருப்போடு மருந்து அறைக்குள் போகக் கூடாது. அந்த விதி ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை, என்ன சாதி என்றும் கேட்பதில்லை. ஒரு பொறி பறந்தால் எல்லோரும் சாவோம் என்பது மட்டுமே அதன் காரணம். உடைவிதி எதுவானாலும் இப்படி ஒரு காரணத்தைக் கேளுங்கள். அது யார் உடலைக் காக்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது 1930இன் பட்டியலில் விட்டுப்போன ஒரு வரி.

நம் வீட்டுக் கணக்கு

2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டது. அதன் பிறகு பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுப் பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். முழங்காலுக்குக் கீழே துணி கூடாது என்ற விதியின் 82 ஆண்டு கழித்த வடிவம் அது. அதனால்தான் ஒரு தலித் இளைஞன் ஜீன்ஸ் போட்டு, மீசை முறுக்கி, புல்லட்டில் போவதை வெறும் ஆண் திமிர் என்று என்னால் ஒதுக்க முடியாது. பறிக்கப்பட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான். அவன் மீசையைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் ஒரு ஆபத்தை நமக்குள் பேசத்தான் வேண்டும். உன்னை ஆணாக ஏற்க மாட்டேன் என்று சாதி சொன்னதற்கு, நானும் ஆண்தான் என்பது ஒரு பதில். அந்தப் பதிலோடு நின்றுவிட்டால், ஆண் என்பதுதான் உயரம் என்பதை நாமும் ஒப்புக்கொண்டவர்களாகிறோம். தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிற்றால் சாதி காட்டும் பையன்கள் வீரம் என்று எதைக் கற்றிருக்கிறார்கள்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் சக மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிற்றை அறுக்கலாம். அந்தக் கயிறு கட்டிவைத்திருக்கும் ஆண்மையையும் அறுக்க வேண்டாமா?

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில், ஒருவர் தன் பாலினத்தை உடையால் வெளிப்படுத்துவது அரசமைப்பின் 19ஆம் பிரிவு தரும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு ஜூலையில் சென்னையில் வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியை ஒரு கிரிக்கெட் கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே, பொது இடங்களில் வேட்டிக்குத் தடைபோட்டால் ஓராண்டு வரை சிறை என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம்தான். நீதிபதியின் வேட்டிக்குக் காட்டிய அந்த வேகம், செருப்போடு நடக்க முடியாத தெருவுக்கும், சேலையோடு நடக்க முடியாத திருநங்கைக்கும் ஏன் வருவதில்லை என்பதுதான் கேள்வி.

சட்டத்துக்குக் காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கோழையான அதிகாரிக்கு வளையலும் சேலையும் அனுப்பும் போராட்டம் தமிழ்நாட்டில் எல்லாக் கட்சிக்காரர்களும் செய்வது. முற்போக்கு அமைப்புகளின் மேடைகளிலும் "சேலையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இரு" என்ற வசனத்துக்குக் கைதட்டல் விழுகிறது. நியாயத்துக்காக நிற்காதவனை அவமானப்படுத்த நமக்குக் கிடைத்த பொருள், வேன் ஏறப்போகும் அந்த அக்காவின் கையில் கிடக்கும் வளையல். அவள் கோழையா? மருந்து அறைக்குள் தினமும் உயிரைப் பணயம் வைத்துப் போய்வருகிறவள் அவள்.

ஹீல்ஸ் போடுங்கள் என்று யாரையும் அழைக்கவில்லை. நம் சாலைகளுக்கு அது ஒத்தும் வராது. கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த ஆர்ப்பாட்டத்துக்குத் தட்டி எழுதும்போது வளையலையும் சேலையையும் விட்டுவிடுங்கள். மேடையில் ஒரு தோழர் "பொட்டை" என்றால் அங்கேயே நிறுத்துங்கள், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும். உங்கள் கிளைக் கூட்டத்துக்கு ஒரு பையன் நகப்பூச்சோடு வந்தால், கண்ணால்கூடக் கேள்வி கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். செருப்புப் போட்டதற்காக அடிபட்டவர்களின் இயக்கம் இது. இன்னொருவரின் செருப்பைப் பார்த்து இங்கே யாரும் சிரிக்கக் கூடாது.